கையிருப்பு

மூன்று வருடமாக இங்கே வருகிறேன்,
பகலில், பின்வாசல் வழியாக,
தணிக்கையாளர் என்ற அட்டை கழுத்தில் தொங்க.
ஜின் பதினேழு. ரம் ஒன்பது.
உடைந்த போத்தல் இரண்டு, காரணம்: பூனை.
பூனை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

இன்று மாலை முன்வாசல்.
ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நடந்தே வந்தேன்,
குதிகாலில் ஒரு பிளாஸ்திரியோடு.
ஐந்தடி நடைபாதை தாண்டி இரண்டு படி கீழே,
குனியாவிட்டால் இடிக்கும் உத்தரம்,
அதில் தங்க எழுத்தில்: 1884 முதல்.

எனக்குத் தெரியும்.
கம்பெனி பதிவானது 2009, ஒரு மார்ச் மாதம்.
கூரையில் தொங்கும் கப்பி
ஜொகூரில் பழைய சாமான் கடையில் வாங்கியது,
எண்ணூற்று ஐம்பது வெள்ளி, ரசீது என் கோப்பில்.
மிளகு மூட்டை வாசனை இன்னும் வருகிறதே என்று
பக்கத்து மேசையில் ஒருவர் வியந்தார்.
அது அவர் தட்டில் இருந்த கோழியின் மேல் தூவியது.

ஆறாவது பொய் சொல்லாது என்று நினைத்துத் திரும்பினேன்.
கடல்வாயில் அணை போட்ட பிறகு
ஓதம் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை.
உப்பை விட்டுவிட்டுக்
குடிதண்ணீர்த் தேக்கமாகிவிட்ட ஆறு
பழைய பெயரிலேயே தொழில் நடத்துகிறது.

ஒரு பியர் கேட்டேன். இரண்டு வந்தன.
"எட்டு மணிவரை ஒன்றுக்கு ஒன்று, மேடம்" என்றாள் ரோவெனா.
சரக்கறையில் அவள் போத்தலைத் தூக்கிக் காட்டுவாள்,
நான் எண்ணுவேன்; அப்படித்தான் பழக்கம்.
இரவில் அவளுக்கு உதட்டுச் சாயம் இருக்கிறது.

எதிர் நாற்காலிக்கு முன்னால்
நுரை அடங்கிக்கொண்டிருந்தது இரண்டாவது கிளாஸ்.
தம்பியைக் கூப்பிடலாம். என்ன விசேஷம் என்பான்.

விசேஷம் இதுதான்:
குத்தகை புதுப்பிக்கப்படவில்லை.
அடுத்த மாதம் முப்பதாம் தேதியோடு சரி.
முதலாளிக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும்,
மூன்றாவதாக எனக்கு.
வாயை மூடிக்கொள்ள ஒரு படிவம் உண்டு.
அதில் நீல மையில் என் பெயர்.

ரோவெனா டிசம்பர் பதிவேட்டை விரித்துக் காட்டினாள்.
எண்பது பேர் விருந்து, ஆற்றோர மேசை அத்தனையும்.
இலோய்லோவில் மகனுக்குப் பல்லில் கம்பி போடப்போகிறார்களாம்,
பதினெட்டுத் தவணை.
அவள் வேலை அனுமதிச் சீட்டில் இந்தக் கடையின் பெயர்.
பார்த்திருக்கிறேன், சம்பளக் கோப்பு, பக்கம் நான்கு.

நல்லது என்றேன்.
இதைவிடச் சின்னச் சொல் கிடைக்கவில்லை.

வெளியே போய் நின்றேன்.
கரைக் கல்லில் காலில் தட்டியது ஓர் இரும்பு வளையம்.
ராத்திரி நாற்காலிகளைப் பூட்டும் சங்கிலி
அதன் வழியாகத்தான் போகிறது.
குனிந்து தடவினேன். உட்புறத்தில் ஒரு பள்ளம்,
தொங்கான்களின் கயிறு வருடக்கணக்கில் அறுத்தது.
ஆள்காட்டி விரல் சரியாக உட்கார்ந்தது.
ஜொகூர் கப்பி சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது,
தேய்மானம் பத்து சதவீதம்.
இது எந்தப் பட்டியலிலும் இல்லை.

பட்டுப் பாவாடை கட்டியதுபோல் விளக்கு கட்டிய படகு ஒன்று
பதிவு செய்த குரலில் வரலாறு சொல்லிக்கொண்டு போனது.

உள்ளே வந்து கேட்டேன்:
"அந்த எண்பது பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டாயா?"
"திங்கட்கிழமை."
"வாங்காதே."

அவ்வளவுதான் சொன்னேன்.
மூன்று வருடம் என் பக்கத்தில் நின்று எண்ணியவள்.
எண்ணிக்கை குறைந்தால் என் முகம் எப்படிப் போகும் என்று தெரியும்.
உத்தரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்,
பதிவேட்டை மூடினாள்.
நுரை செத்த இரண்டாவது கிளாஸை எடுத்து
நின்றபடியே பாதி குடித்தாள்.

எட்டு அடித்துவிட்டது.
ரசீதில் ஒரு பியர் என்றுதான் இருந்தது.